பயம் வரவில்லை என்றால்: பிரபஞ்சத் திகில் குறுநாவலை வாசிப்பது எப்படி?

வேளச்சேரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "லவ்கிராஃப்ட் எழுதிய 'அட் த மவுன்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்' குறுநாவலை நண்பர் சொல்லி வாசித்தேன். பாதிப் புத்தகத்துக்கு இரண்டு பேர் டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு சுவர்ச் சிற்பங்களைப் பார்க்கிறார்கள். எனக்குப் பயமே வரவில்லை. இதை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? நான் எதைத் தவறவிட்டேன்? இந்த வகையில் வேறு ஏதாவது வாசிக்கலாமா?"

அந்தச் சிற்பங்களைத்தான் நீங்கள் வேகமாகத் தாண்டியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திகில் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

லவ்கிராஃப்ட் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அமெரிக்கத் திகில் எழுத்தாளர். மனிதனைப் பொருட்படுத்தாத பிரபஞ்சத்தைக் கண்டு எழும் பயத்தைத்தான் பிரபஞ்சத் திகில் என்கிறோம். வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து அண்டார்க்டிகாவுக்கு ஓர் ஆய்வுக் குழு போகிறது. இமயத்தை விஞ்சும் மலைத்தொடர் ஒன்று அவர்கள் கண்ணில் படுகிறது. அதற்கு அப்பால், மனிதர் கட்டாத ஒரு நகரம் பனியில் புதைந்து கிடக்கிறது. டயர் என்ற நிலவியல் பேராசிரியரும் டான்ஃபோர்த் என்ற ஆராய்ச்சி மாணவரும் அதற்குள் இறங்குகிறார்கள். நகரத்தைக் கட்டியவர்கள் தங்கள் வரலாற்றைச் சுவர் சுவராகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: வேறு உலகிலிருந்து பூமிக்கு வந்தது, கடலில் குடியேறியது, உணவுக்கும் வேலைக்கும் உயிரினங்களை உண்டாக்கியது, போர்கள், இடப்பெயர்ச்சிகள், கடைசியில் அவர்களுடைய கலை நலிந்துபோனது வரைக்கும்.

இதன் நடுவில் ஒரே ஒரு வாக்கியம் வருகிறது. பிற்காலச் சிற்பங்கள் சிலவற்றில் தள்ளாடி நடக்கும் ஒரு பாலூட்டி இருக்கிறது. நகரவாசிகள் அதைச் சில சமயம் உணவாகவும் சில சமயம் வேடிக்கை காட்டும் கோமாளியாகவும் வைத்திருந்தார்கள். அதன் உருவத்தில் குரங்கின் சாயலும் மனிதனின் சாயலும் தெளிவாகத் தெரிந்தன. டயர் இதைச் சொல்லிவிட்டு, நிற்காமல் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

அந்தப் பிராணி நாம். பூமியின் கதையில் மனித குலத்துக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். இதற்கென ஒரு தனி அத்தியாயம் இல்லை, ஒரு அலறல் கூட இல்லை. அடுத்தவர் குடும்பக் கதையில் போகிற போக்கில் சொல்லப்படும் ஓர் அற்ப விவரமாக நம்மை வைத்துவிட்டு ஆசிரியர் நகர்கிறார். ஒரு பேய் கதவைத் தட்டுவதைவிட இது என்னைப் பலமடங்கு கலங்கடிக்கிறது.

மாமல்லபுரத்துக்கு நீங்கள் கட்டாயம் போயிருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு என்று சொல்கிறோமே, அந்தப் பாறைக்கு முன்னால் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறீர்களா? தேவர்கள், நாகர்கள், முனிவர்கள், வேடர்கள், யானைக் குடும்பம், தவம் செய்யும் பூனை, அதன் காலடியில் எலிகள். எல்லோரும் பாறையின் நடுப்பிளவை நோக்கி வந்துகொண்டிருக்கிறார்கள். பூனைக்கும் எலிக்கும்கூட அங்கே ஓர் இடம் உண்டு. ஒற்றைக்காலில் நிற்கும் மனிதனுக்கு வரம் கொடுக்கக் கடவுளே எதிரில் வந்து நிற்கிறார். இந்தச் சிற்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு லவ்கிராஃப்டின் நகரத்துச் சுவர்களை மறுபடி வாசித்துப் பாருங்கள். அங்கேயும் எல்லா உயிர்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மனிதனுக்காக எவரும் வந்து நிற்கவில்லை.

உங்களுக்குப் பயம் வராததற்கு நீங்கள் காரணமில்லை. நாம் வளர்ந்த கதைகள் வேறு வகையான பயத்துக்கு நம்மைப் பழக்கியிருக்கின்றன. நம் பேய்க்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். பழையனூர் நீலியை எடுத்துக்கொள்ளுங்கள். முற்பிறவியில் கணவன் செய்த கொலைக்குப் பழிவாங்க வருகிறாள். பழி தீர்கிறது. அவளை நம்பி அவனுக்கு வாக்குக் கொடுத்த வேளாளர்கள் சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். கதை கொடூரமானதுதான், ஆனால் அறம் அதற்குள் உயிரோடு இருக்கிறது. எது நடந்தாலும் ஏன் நடந்தது என்று கேட்கலாம், பதில் கிடைக்கும், பதிலுக்குப் பின்னால் பரிகாரமும் கிடைக்கும். தமிழ்ப் பேய்ப் படங்களிலும் இடைவேளைக்குப் பிறகு வரும் பழைய நினைவுக் காட்சி இந்த வேலையைத்தான் செய்கிறது. அந்தக் காட்சி முடிந்ததும் பேயின் மேல் நமக்கு இரக்கமே வந்துவிடுகிறது.

பிரமாண்டமும் நமக்குப் புதிதல்ல. மாணிக்கவாசகரின் திருஅண்டப்பகுதியில் நூற்றொரு கோடிக்கும் மேலாக அண்டங்கள் விரிகின்றன. வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசைப் போல அவை சிறுத்துத் தெரியும்படி அவ்வளவு பெரியவன் ஒருவன் இருக்கிறான் என்கிறார். இதைவிடப் பெரிய அளவை லவ்கிராஃப்ட் எங்கும் எட்டவில்லை. ஆனால் அந்தப் பெரியவன் அடியவனைத் தேடி வந்து ஆட்கொள்கிறான். கீதையின் 11-ஆம் அத்தியாயத்தில் விசுவரூபத்தைக் கண்டு அர்ச்சுனன் நடுங்குகிறான், திசை தெரியாமல் தவிக்கிறான், பழைய உருவத்துக்குத் திரும்பிவிடு என்று கெஞ்சுகிறான். கண்ணன் திரும்புகிறான், ஆறுதலும் சொல்கிறான். நீலியின் பழையனூரை ஒட்டி இருக்கும் திருவாலங்காட்டில், அரக்கோணம் ரயில் தடத்தில் போய்விடக்கூடிய ஊர் அது, காரைக்கால் அம்மையார் சுடுகாட்டையும் நிணத்தையும் பேய்க் கூட்டத்தையும் பாடினார். தாமும் பேயுரு கொண்டவர் அவர். அந்தச் சுடுகாட்டின் நடுவில் ஆடுகிறவன் அவருக்கு அப்பன்.

ஆக, அளவு நம்மை அச்சுறுத்துவதில்லை. அந்த அளவுக்குள் நம்மை அறிந்தவன் ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை, கடவுள் மறுப்பாளர்களாக இருந்தாலும்கூட, நம் கதை கேட்கும் பழக்கத்தில் ஊறியிருக்கிறது. பிரபஞ்சத் திகில் அந்த ஒருவனை மட்டும் அகற்றிவிடுகிறது. கோடி அண்டங்கள் அப்படியே இருக்கின்றன. கெஞ்சினால் கேட்க ஆள் இல்லை. கோபித்துக்கொள்ளவும் ஆள் இல்லை. இந்தக் குறுநாவல்களைத் திறக்கும்போது "இது ஏன் இவர்களுக்கு நடக்கிறது?" என்ற கேள்வியைக் கீழே வைத்துவிடுங்கள். நடப்பதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் கதை.

இந்த உணர்வு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வளவு கூர்மையாக எழுதப்பட்டதற்கு அறிவியல் ஒரு காரணம். லவ்கிராஃப்ட் சிறு வயதிலிருந்து வானியல் பித்தர். தன் ஊரான பிராவிடன்ஸின் செய்தித்தாள்களில் வானியல் பத்திகள் எழுதியவர். அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான், 1920-களின் நடுவில், ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனியொரு விண்மீன் மண்டலம் என்று எட்வின் ஹப்பிள் நிறுவினார். 1930-இல் புளூட்டோ கண்டுபிடிக்கப்பட்டது. அண்டார்க்டிகாவின் வரைபடம் பெரும்பாலும் வெற்றிடமாகவே இருந்தது. படித்தவர்களின் உலகம் சில ஆண்டுகளுக்குள் இத்தனை மடங்கு பெருத்துவிட்டது. அதில் மனிதன் எங்கே நிற்கிறான் என்ற கேள்விக்கு லவ்கிராஃப்ட் பயத்தால் பதில் எழுதினார்.

இதை உடம்பால் உணர அண்டார்க்டிகா போக வேண்டியதில்லை. பரங்கிமலையில் இருக்கும் கருநிறப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் அதைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். மனித இனத்தின் வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். அடுத்த முறை மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசியுங்கள். நுங்கம்பாக்கத்தில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள், 1792-இல் அமைந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. தமிழ் உட்படப் பல மொழிகளில் அதில் எழுதி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகள் கழித்து வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். வெட்டியவர்களுக்கு ஆயிரம் ஆண்டு மிகப் பெரிய காலமாகத் தோன்றியிருக்கிறது. அந்தப் பெருமிதத்தையும் பரங்கிமலைப் பாறையின் வயதையும் ஒரே நேரத்தில் மனத்தில் ஏந்த முடிந்தால், டயரின் நிலைமை உங்களுக்குப் புரிந்துவிடும்.

இனி வாசிக்கும் முறை. இந்த வகைக்குக் குறுநாவல்தான் சரியான அளவு என்று உறுதியாகச் சொல்வேன். சிறுகதையில் சான்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க இடம் போதாது. 500 பக்க நாவலில் அந்த அந்நிய வஸ்து பலமுறை தலைகாட்ட நேரிடும், நான்காவது முறை அது நமக்குப் பழகிப்போய்விடும். 20,000 முதல் 40,000 சொற்களுக்குள் எழுதினால், ஐயம் முற்றி உறுதியாகும் கணத்தில் கதையை முடித்துவிடலாம். ஆகவே தினம் பத்துப் பக்கமாகப் படிக்காதீர்கள். ஒரே அமர்வில், முடியாவிட்டால் இரண்டு அமர்வில், இரவில் படியுங்கள். அத்தியாயங்களுக்கு நடுவில் கைப்பேசியைத் திறந்தால் ஆசிரியர் அடுக்கிய சீட்டுக்கட்டு சரிந்துவிடும். அந்த வஸ்துகளுக்கு ஓவியர்கள் வரைந்த படங்களையும் முன்கூட்டியே தேடிப் பார்க்க வேண்டாம்.

இரண்டாவதாக, கதை சொல்கிறவரைக் கண்காணியுங்கள். டயருக்கு இதைச் சொல்ல விருப்பமே இல்லை. அடுத்து ஒரு குழு அங்கே போகப் போகிறது, அதைத் தடுக்க வேண்டும் என்பதற்காக வேறு வழியின்றிச் சொல்கிறார். ஆகவே தயங்குகிறார், சுற்றி வளைக்கிறார், அளவுகளையும் பாறை வகைகளையும் பற்றிப் பேசி நேரத்தைத் தள்ளுகிறார். உங்களுக்குச் சலிப்புத் தந்த வறண்ட நடை, பயந்துபோன ஓர் அறிவியலாளர் தன் தொழில் மொழிக்குள் ஒளிந்துகொள்ளும் நடை. லேக் என்ற உயிரியலாளர் கண்டெடுத்த உயிரினங்களை அறுத்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? பிறகு முகாமில் ஒரு மனிதனும் ஒரு நாயும் அதேபோல் கவனமாக அறுக்கப்பட்டிருக்கின்றன. சிதைந்த ஆறு உயிரினங்கள் மட்டும் பனிக்குள் நிமிர்ந்த வாக்கில் புதைக்கப்பட்டு, மேலே ஐந்து முனை மேடு எழுப்பப்பட்டிருக்கிறது. வன்மத்தின் அடையாளம் எங்கும் இல்லை. லேக் கண்டெடுத்தவை அந்த நகரத்தைக் கட்டியவர்களின் உடல்கள்; சிதையாதவர்கள் விழித்தெழுந்து ஆய்வு செய்திருக்கிறார்கள், தங்கள் இறந்தவர்களுக்கு ஈமக்கடன் செய்திருக்கிறார்கள். கடைசியில் டயரே அவர்களைத் தன்னைப் போன்ற அறிவியலாளர்கள் என்று எண்ணி உருகுகிறார். இந்த வகை எழுத்தில் நான் வாசித்த மிக நெகிழ்ச்சியான இடம் அது. இதை 1931-இல் எழுதி முடித்த லவ்கிராஃப்ட், முதலில் அனுப்பிய இதழ் நிராகரித்ததில் மனம் உடைந்துபோனார். 1936-இல்தான் வேறோர் இதழில் தொடராக வந்தது. அடுத்த ஆண்டு, 46 வயதில், அவர் இறந்துவிட்டார்.

நடை பற்றியும் சொல்ல வேண்டும். லவ்கிராஃப்ட் உரிச்சொற்களை வாரி இறைப்பவர். விவரிக்க முடியாதது, பெயரிட முடியாதது என்று அடிக்கடி எழுதுவது இன்றைய வாசகருக்குச் சோர்வு தரும். அது அவருடைய குறை, அதைப் பெரிய உத்தி என்று நியாயப்படுத்த மாட்டேன். அதனால்தான் இந்த வகைக்குள் முதலில் நுழைகிறவர்களுக்கு வேறு ஒரு வாசலைக் காட்டுவது என் வழக்கம்: ஆங்கில எழுத்தாளர் ஆல்ஜெர்னான் பிளாக்வுட் 1907-இல் வெளியிட்ட 'த வில்லோஸ்'. லவ்கிராஃப்டே இதை இந்த வகையின் உச்சமாக மதித்து எழுதியிருக்கிறார்.

இரண்டு நண்பர்கள் டான்யூப் ஆற்றில் சிறு படகில் போகிறார்கள். கதை சொல்கிறவர் ஓர் ஆங்கிலேயர், கூட வருபவர் ஸ்வீடன்காரர். வெள்ளக் காலத்தில், வில்லோ புதர் மண்டிய ஒரு மணல் தீவில் கூடாரம் அடிக்கிறார்கள். வெள்ளம் தீவின் கரையை அரித்துக்கொண்டே இருக்கிறது. முதல் இரவு கழிந்து காலையில் பார்த்தால் ஒரு துடுப்பைக் காணவில்லை, படகின் அடியில் நீளமாக ஒரு கிழிசல். மிஞ்சிய துடுப்பைக் கையில் எடுத்தால், அதை யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் அழகாக, சீராக இழைத்து வைத்திருக்கிறார்கள். முதல் வலுவான இழுப்பிலேயே முறிந்துபோகும் அளவுக்கு மெலிந்திருக்கிறது. ஆங்கிலேயர் உடனே விளக்கம் தேடுகிறார்: நம்மில் ஒருவர் தூக்கத்தில் நடந்து செய்திருக்கலாம், அல்லது காற்றில் பறக்கும் மணல் பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் உன்னிடம் விளக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஸ்வீடன்காரர் நகர்ந்துவிடுகிறார்.

அந்தத் துடுப்பைக் கவனியுங்கள். இரத்தம் இல்லை, நகக்கீறல் இல்லை. மிகுந்த பொறுமையோடு செய்த நேர்த்தியான வேலை. யார், எதற்காக, எந்தக் கருவியால் என்ற மூன்று கேள்விக்கும் இடமின்றி அந்த மரம் வழுவழுப்பாக இருக்கிறது. அதோடு, கற்பனையே இல்லாதவர் என்று தொடக்கத்தில் நமக்கு அறிமுகமான ஸ்வீடன்காரர்தான் முதலில் நம்புகிறார். கற்பனை மிகுந்த ஆங்கிலேயர்தான் சமாதானம் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பிளாக்வுட் பாத்திரங்களை இப்படி மாற்றி வைத்தது பெரிய கெட்டிக்காரத்தனம். நிதானமான மனிதர் பயந்தால் வாசகனுக்கு ஒதுங்க இடமில்லாமல் போகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை.

அதற்குப் பிறகு லவ்கிராஃப்டின் 'த கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்', 1927. நீளத்தில் பெரிய சிறுகதை என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு பண்ணையில் விண்கல் விழுகிறது. அதிலிருந்து எந்த நிறமாலையிலும் இல்லாத ஒரு நிறம் மண்ணிலும் கிணற்றிலும் பழத்திலும் ஏறுகிறது. அவ்வளவுதான் எதிரி: ஒரு நிறம். 2019 ஆகஸ்டில் பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கடற்கரைகளில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. மக்கள் திரண்டு போய்ப் பார்த்தார்கள். கடலில் பெருகிய நுண்ணுயிரியின் ஒளி அது என்று விளக்கம் வந்தது. அழகும் ஆபத்தும் நமக்காக உண்டாவதில்லை, நாம் வெறுமே அருகில் இருக்கிறோம் என்ற எண்ணம் அந்தக் கரையில் உங்களுக்கு ஒரு நொடி வந்திருந்தால், இந்தக் கதை உங்களுடையது. தமிழில் இதற்கு நெருங்கி வருவது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. ஓர் எழுத்தாளன் வீட்டுக்குள் வேலைக்கு வந்து சேரும் பெண் யார் என்பதை அவர் கடைசி வரை அவிழ்க்கவில்லை. காரணம் சொல்ல மறுக்கும் துணிவு நம் மொழியிலும் இருந்திருக்கிறது.

ஒன்றை மறைக்கக் கூடாது. லவ்கிராஃப்ட் இனவெறியர். கடிதங்களில் மட்டுமல்ல, கதைகளிலும் அது வெளிப்படுகிறது. 'த ஷேடோ ஓவர் இன்ஸ்மத்' என்ற அவருடைய குறுநாவலின் அச்சம் பாதிக்குப் பாதி இனக்கலப்பைப் பற்றிய அருவருப்பிலிருந்து பிறந்தது. சென்னையில் உட்கார்ந்து அவரை வாசிக்கும் நாம், அவர் யாரைப் பார்த்து முகம் சுளித்தாரோ அந்தப் பக்கத்து மனிதர்கள். உலக ஃபேன்டஸி விருதுக்கு அவருடைய தலைச்சிலையைக் கொடுக்கும் வழக்கத்தை 2015-இல் கைவிட்டார்கள். அது சரியான முடிவு என்பது என் கருத்து. அவரை வாசிக்காமல் ஒதுக்குவதை மட்டும் நான் ஏற்கவில்லை, ஏனென்றால் அவருக்கு மிக வலுவான பதில் அவரை வாசித்தவர்களிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அந்தப் பதில் விக்டர் லவால் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளரின் 'த பேலட் ஆஃப் பிளாக் டாம்', 2016. ஏறத்தாழ 150 பக்கக் குறுநாவல். லவ்கிராஃப்டின் இனவெறி மிகுந்த கதை ஒன்றையே எடுத்து, 1924-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழும் டாமி டெஸ்டர் என்ற கறுப்பின இளைஞனின் பக்கத்திலிருந்து திருப்பி எழுதுகிறார். நூலை லவ்கிராஃப்டுக்கே, தன் முரண்பட்ட உணர்வுகள் அனைத்தோடும், காணிக்கையாக்கியிருக்கிறார். அதில் பிரபஞ்சத் திகிலின் அடித்தளமே கேள்விக்குள்ளாகிறது. பிரபஞ்சத்துக்கு உன் மேல் அக்கறையில்லை என்று சொன்னால் பிராவிடன்ஸ் நகரத்துக் கனவான் நடுங்கலாம். தன் தகப்பனைச் சுட்டுக் கொன்ற தனியார் துப்பறிவாளர் அதற்குச் சாதாரணமாகக் காரணம் சொல்வதைக் கேட்ட மகனுக்கு, அக்கறையில்லாத பிரபஞ்சம் ஒன்றும் புதிய செய்தியல்ல. தன்னை வெறுக்கும் மனிதர்களையும் தன்னைக் கண்டுகொள்ளாத தெய்வத்தையும் எடை போட்டு, அவன் ஒரு தேர்வு செய்கிறான். சாதியின் பெயரால் மனிதர் மனிதரை என்ன செய்வார்கள் என்று அறிந்த எந்தத் தமிழ் வாசகருக்கும் அந்தத் தேர்வுக்குக் குறிப்புரை தேவைப்படாது.

'த வில்லோஸ்', 'த கலர்', அதன்பின் லவால் என்ற வரிசையில் போங்கள். பிளாக்வுட் 1951-இல் இறந்தவர். இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் பதிப்புரிமை முடிந்துவிடும் என்பதால், அவரையும் லவ்கிராஃப்டையும் புராஜெக்ட் குட்டன்பெர்க் தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம். லவாலை விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும். புத்தகக் காட்சி வரும்போது நந்தனத்தில் ஆங்கிலப் புத்தகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.